அம்மாவுக்குப் பேஸ்மென்டில் ஓர் அறை: டைல்ஸ் வாங்குவதற்கு முன்

"அம்மாவும் அப்பாவும் தங்கட வீட்டை வித்துப்போட்டு எங்களோட வந்து இருக்கப்போகினம். பேஸ்மென்டைத் திருத்திக் குடுக்கவேணும். எவ்வளவு முடியும்?"

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் பக்கம் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். டேகேர் செலவு ஒரு பக்கம், மோட்கேஜ் இன்னொரு பக்கம். அம்மா வந்து இருந்தால் பிள்ளைகளுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. பேச்சு விலையில் தொடங்கும், அடுத்த நிமிடமே டைல்ஸிலும் பொட் லைட்டிலும் போய் நிற்கும்.

இந்த மாதம் நான் விலையைப் பற்றி எழுதவில்லை. காசை எந்த ஒழுங்கில் செலவழிப்பது என்பதைப் பற்றி எழுதுகிறேன். பேஸ்மென்ட் வேலையில் உயிரோடு சம்பந்தப்பட்ட விசயங்கள் அனேகமாக ட்ரைவோலுக்குப் பின்னாலும் நிலத்துக்குக் கீழும்தான் இருக்கின்றன. வேலை முடிந்தபிறகு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் காசு இறுகும்போது முதலில் வெட்டுப்படுவதும் அவையே. டைல்ஸைக் குறைக்க ஒருவருக்கும் மனம் வராது.

எங்களில் பலர் சின்ன வயதில் இருந்ததே பேஸ்மென்டில்தான். மேலே வீட்டுக்காரர், கீழே நாங்கள். இல்லாவிட்டால் கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டு அப்பா மோட்கேஜ் கட்டிய வீடு. யன்னல் எவ்வளவு பெரிது என்று அப்போது யாரும் அளந்து பார்க்கவில்லை. இப்போது வீட்டுக்காரர் நாங்கள். கீழே படுக்கப்போவது எங்கட அம்மா.

கீழே சொல்லும் விதிகளும் அளவுகளும் ஒன்ராறியோவுக்கு உரியவை. வேறு மாகாணத்திலோ வேறு நாட்டிலோ இருப்பவர்கள் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு பதிலை உங்கட நகரசபையிடம் கேளுங்கள்.

கீழேதானா?

ஒரு டொலர் செலவழிக்க முதல் இதைக் கேளுங்கள். அம்மாவுக்கு இப்போது 66 வயது, படி ஏறி இறங்குகிறா. 76 வயதிலும் அதே முழங்காலோடு இறங்குவாவா? பேஸ்மென்ட் படிகள் பல வீடுகளில் செங்குத்தானவை, ஒடுங்கியவை, வெளிச்சம் குறைந்தவை. பக்கக் கதவால் போய்வரலாம் என்றால், பனிக்காலத்தில் அந்தக் கதவுக்கு முன்னால் ஐஸ் இருக்கும்.

சில வீடுகளுக்கு நல்ல விடை வேறு. மேல்தளத்தில் யாரும் இருந்து சாப்பிடாத டைனிங் ரூமையோ, வருசத்துக்கு நாலு தரம் மட்டும் ஆட்கள் இருக்கிற முன் ஹோலையோ கதவு போட்டு அம்மாவின் அறையாக்கலாம். பக்கத்திலுள்ள சின்னக் கழிப்பறையைப் பெருப்பித்து ஷவர் வைக்கலாம். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானும் டிவியும் கீழே போகட்டும். செலவும் பல இடங்களில் குறைவாக வரும். அம்மா "எனக்குக் கீழே காணும், உங்களுக்குத் தொந்தரவு இல்லை" என்றுதான் சொல்லுவா. அந்தச் சொல்லை வைத்து முடிவெடுக்கவேண்டாம். முழங்காலை வைத்து முடிவெடுங்கள்.

அவ்வளவையும் யோசித்து, கீழேதான் என்று முடிவானால், வேலையை இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முதலில் தண்ணீர்

2013 ஜூலை 8-ம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. சில மணி நேரத்தில் ஒரு மாதத்து மழை. 2024 ஜூலை 16-ம் திகதி மறுபடியும் ஏறக்குறைய 98 மில்லிமீற்றர். இரண்டு தரமும் ரொறொன்ரோ பகுதியில் எத்தனையோ பேஸ்மென்டுகளுக்குள் தண்ணீர் வந்தது. புதுத் தரை போட்ட பேஸ்மென்டுக்குள்ளும் வந்தது.

ஆகவே சுவர் எழுப்ப முன்னம், ஒரு பெருமழைக்குப் பிறகும் பனி கரையும் காலத்திலும் கீழே போய்ப் பாருங்கள். கொங்கிறீற் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், சுவர் வழியாக ஈரம் வருகிறது என்று பொருள். தரைக்கு ஒரு சோதனை உண்டு. இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை வெறுங்கொங்கிறீற்றில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கட்டினால், அல்லது கொங்கிறீற் கறுத்தால், நிலத்திலிருந்து ஈரம் மேலே வருகிறது. அந்தத் தரையில் நேராகக் காப்பெற் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் கேட்கவே வேண்டாம்.

திருத்தம் பல நேரம் வெளியில் இருக்கிறது, மலிவானதும்கூட. கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரோரத்தில் கொட்டாமல் இரண்டு மீற்றர் தள்ளிக் கொட்டவேணும். வீட்டைச் சுற்றியுள்ள மண் வீட்டைவிட்டு வெளியே சரியவேணும். பத்து வருசத்தில் மண் இறங்கி உள்ளே சரிந்திருக்கும். இரண்டு லோட் மண் போட்டுச் சரிப்படுத்தலாம். அத்திவாரத்தில் வெடிப்பு இருந்தால் அதை இப்போதே அடையுங்கள், சுவரை மூடியபிறகு அல்ல.

அடுத்தது, தெருக் கழிவுக்குழாய் நிரம்பினால் கழிவு உங்கட வீட்டுக்குள் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு. பேக்வோட்டர் வால்வு என்று கேளுங்கள். இதற்குத் தரையை உடைக்கவேண்டி இருப்பதால் புதுத்தரை போடமுன்னமே செய்யவேண்டிய வேலை. பெர்மிட்டும் வேணும். ரொறொன்ரோ மாநகரசபை இந்த வால்வுக்கும் சம்ப் பம்புக்கும் உதவித்தொகை தருகிறது. மற்ற நகரங்களிலும் அப்படித் திட்டங்கள் உண்டு, வேலை தொடங்க முதல் நிபந்தனைகளை வாசியுங்கள். வீட்டு இன்சூரன்ஸில் கழிவுநீர் திரும்பி வருவதற்கான பாதுகாப்பு பொதுவாகத் தனியாகச் சேர்க்கவேண்டிய ஒன்று. இருக்கிறதா என்று போன் அடித்துக் கேளுங்கள்.

பிறகு யன்னல்

நெருப்புப் பிடித்தால் படிதான் புகைபோக்கி. மேலே குசினியில் நெருப்பு என்றால், கீழே இருப்பவருக்குப் படிவழி பயன்படாது. அப்போது யன்னல்தான் வழி. தீயணைப்புப் படையினர் உள்ளே வருவதற்கும் அதுதான் வழி.

வெளியே நேராகத் திறக்கிற கதவு அந்தத் தளத்தில் இல்லாவிட்டால், படுக்கும் அறைக்கான யன்னல் இப்படி இருக்கவேணும் என்று ஒன்ராறியோ கட்டட விதி சொல்கிறது: திறந்த இடைவெளி குறைந்தது 0.35 சதுர மீற்றர். அகலமோ உயரமோ எந்தப் பக்கமும் 38 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளேயிருந்து திறக்கவேணும். திறந்தபிறகு தடி முட்டுக்கொடுக்காமல் தானாகத் திறந்தபடி நிற்கவேணும்.

இதில் பலர் ஏமாறுகிற இடம் இரண்டு. ஒன்று, 38 சென்ரிமீற்றர் என்பது ஒரு பக்கத்தின் ஆகக் குறைந்த அளவு மட்டும். ஒரு பக்கம் 38 என்றால் மற்றப் பக்கம் 93 இருந்தால்தான் 0.35 வரும். ஒரு பக்கம் 50 என்றால் மற்றது 70. இரண்டாவது, அளப்பது கண்ணாடியை அல்ல, ஆள் நுழையக்கூடிய வெளியை. 120 அகலமும் 60 உயரமும் உள்ள வழுக்கு யன்னல் பார்க்கப் பெரிது. ஆனால் அதில் பாதிதான் திறக்கும், அதிலும் சட்டத்தைக் கழித்தால் 0.35 கிடைக்காது. பழைய வீடுகளில் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து திறக்கிற சின்ன யன்னல்களுக்குள்ளால் ஒரு பூனை போகலாம், அம்மா போகமுடியாது.

விதி சொல்கிற குறைந்தபட்சத்தோடு நிற்காதீர்கள். அம்மா படுக்கிற அதே அறையில் இந்த யன்னல் இருக்கட்டும். அதற்குக் கீழே உறுதியான ஒரு பெட்டியோ இரண்டு படியோ வையுங்கள். கள்ளருக்காகக் கம்பி அடித்திருந்தால், உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்கிற கம்பியாக மாற்றுங்கள். யன்னலை மறைத்து அலுமாரி வைக்காதீர்கள். மாரிகாலத்தில் ட்ரைவ்வேயில் பனி அள்ளும்போது யன்னல் கிணற்றிலும் அள்ளுங்கள்.

யன்னலைப் பெருப்பிப்பது அத்திவாரச் சுவரை வெட்டுகிற வேலை. வரைபடமும் பெர்மிட்டும் வேணும். வெளியே கிணறு தோண்ட முன்னம் ஒன்ராறியோ வன் கோல் சேவையைக் கூப்பிட்டு நிலத்தடிக் காஸ், மின்சாரக் குழாய்களைக் குறித்துத் தரச் சொல்லவேணும். அது சட்டம், காசும் இல்லை. கிணற்றின் அடியில் தண்ணீர் வடியக் குழாய் வைத்து, அதை அத்திவார வடிகாலோடு இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதலாவது பெருமழைக்குப் புது யன்னலே தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

காற்றும் புகையும்

பேர்னஸும் சுடுதண்ணீர்த் தாங்கியும் அனேகமாக அம்மாவின் அறைக்கு அடுத்த சுவரில்தான் இருக்கும். இரண்டும் காஸில் எரிந்தால் கார்பன் மொனொக்சைட் என்ற பேச்சைத் தவிர்க்கமுடியாது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 2008-ல் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் ஒரு பொலிஸ் அதிகாரியும், கணவரும், இரண்டு பிள்ளைகளும் தங்கள் வீட்டிலேயே இந்த வாயுவால் இறந்தார்கள். காஸ் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் அலாரம் இருக்கவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்ததுதான் 2013-ன் ஹோக்கின்ஸ்-ஜினாக் சட்டம். அதனால்தான் இந்த அலாரம் இன்று வீடுகளில் கட்டாயம்.

புகை அலாரம் ஒவ்வொரு தளத்திலும், படுக்கும் அறைகளுக்கு வெளியேயும் வேணும். அறைக்குள்ளும் ஒன்று போடுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரமும் ஒவ்வொரு தளத்திலும், படுக்கும் அறைகளுக்கு அருகிலும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தால் மேலே புகை வந்தவுடன் கீழேயும் அடிக்கும். சுவர் திறந்திருக்கும்போது இதற்கு வயர் இழுப்பது சின்ன வேலை. புகை அலாரத்தைப் பத்து வருசத்துக்கு ஒருமுறை மாற்றவேணும், பின்பக்கத்தில் திகதி இருக்கும்.

இன்னுமொரு விசயம். சாதாரண அலாரத்தின் சத்தம் கீச்சென்ற உயர்ந்த சுருதி. வயது போகும்போது காது முதலில் இழப்பது அந்தச் சுருதியைத்தான். அம்மா இரவில் காதுக் கருவியைக் கழற்றி வைப்பவ என்றால், தாழ்ந்த சுருதியில் அடிக்கிற அலாரமோ, வெளிச்சம் மின்னி மெத்தையை அதிரவைக்கிற அலாரமோ வாங்குங்கள்.

கீழ்க்குசினி என்பது எங்கட ஆட்களுக்கே உரிய ஆசை. மீன் பொரிக்க, மிளகாய்த்தூள் வறுக்க, விசேசத்துக்குப் பெரிய சட்டி வைக்க ஓர் இடம். அதில் தவறில்லை. ஆனால் புகையுறிஞ்சி காற்றைக் கட்டாயம் வெளியே தள்ளவேணும். வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுகிற மலிவு வகை எங்கட சமையலுக்குச் சரிவராது. அதோடு பலமான உறிஞ்சி வைத்தால் வேறொரு ஆபத்தும் உண்டு. வீட்டுக்குள்ளிருந்து இவ்வளவு காற்றை வெளியே இழுத்தால், அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தோ காற்று வரவேணும். பழைய வகைச் சுடுதண்ணீர்த் தாங்கியின் புகைக்குழாய் வழியாக அது வந்தால், வெளியே போகவேண்டிய நச்சுப் புகை அறைக்குள் திரும்பும்.

இதைச் சாமியறை ஊதுபத்தியால் சோதிக்கலாம். யன்னல் கதவுகளை மூடுங்கள். புகையுறிஞ்சி, பாத்றூம் விசிறி, உடுப்புக் காயவைக்கும் இயந்திரம் மூன்றையும் ஓடவிடுங்கள். சுடுதண்ணீரைத் திறந்து தாங்கி எரியத் தொடங்கி ஐந்து நிமிடம் போகட்டும். தாங்கியின் உச்சியில், குழாய் தொடங்குகிற இடைவெளியருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை குழாய்க்குள் இழுபட்டால் நல்லது. உங்களைப் பார்த்துத் திரும்பினால் எல்லாவற்றையும் நிறுத்தி, யன்னலைத் திறந்து, பதிவுபெற்ற காஸ் தொழில்நுட்பவியலாளரைக் கூப்பிடுங்கள். இந்தச் சோதனை அலாரத்துக்குப் பதிலல்ல. பேர்னஸ் இருக்கிற இடத்தைச் சுற்றி இறுக்கமாகச் சுவர் கட்டி அலுமாரி ஆக்குவதும் இதே காரணத்தால் ஆபத்து. எரிவதற்குக் காற்று வேணும்.

ரேடன் வாயுவையும் மறக்கவேண்டாம். மண்ணிலிருந்து தரை வெடிப்புகள் வழியாக வருவது, பேஸ்மென்டில்தான் செறிவு அதிகம். புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கிய காரணம் இதுதான். ஹெல்த் கனடா வைத்திருக்கும் எல்லை ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரல். சோதனைக் கருவியைக் குறைந்தது மூன்று மாதம், யன்னல் மூடியிருக்கும் மாரிகாலத்தில் வைக்கவேணும். அளவு கூடினால் தரைக்கடியிலிருந்து குழாய் வைத்து வெளியே இழுக்கலாம். தரை போடமுன் அந்த வேலை சுலபம். போனபிறகு துளைக்கவேணும்.

சுவரை மூட முன்னம்

பழைய வீடு என்றால் உடைக்கத் தொடங்கமுதல் நில்லுங்கள். 1990-க்கு முன் கட்டிய வீட்டில் ஒன்பது அங்குலச் சதுரத் தரை ஓடு, குழாயைச் சுற்றிய வெள்ளைக் கட்டு, கூரைக்குள் சாம்பல் பொன்னிறச் சிறுகல் போன்ற காப்பு ஆகியவற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். சனிக்கிழமை மச்சானோடு சேர்ந்து சுத்தியல் எடுக்கமுன்னம் மாதிரியைச் சோதனைக்கூடத்துக்குக் கொடுங்கள். 1960-களின் நடுவிலிருந்து 1970-களின் இறுதிவரை கட்டிய வீடுகளில் அலுமினிய வயர் இருக்கலாம், அதையும் மின்பணியாளரிடம் காட்டுங்கள்.

ஒன்ராறியோவில் காசு கொடுத்து மின்வேலை செய்விப்பதென்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மட்டுமே செய்யலாம். மின்சாரப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அவர் அறிவிக்கவேணும், அவர்களுடைய பரிசோதனைக் கடிதம் உங்கட கையில் வரவேணும். நகரசபை இன்ஸ்பெக்டர் வயரைப் பார்ப்பதில்லை. "சிற்றி வந்து பாத்திட்டுது" என்று ஒருவர் சொன்னால், அது மின்சாரத்துக்குப் பொருந்தாது.

பாத்றூம் சுவரை மூடமுன் கொமோட்டுக்குப் பக்கத்திலும் ஷவருக்குள்ளும் சுவருக்குப் பின்னால் தடித்த பலகை அடிக்கச் சொல்லுங்கள். இன்றைக்குக் கைபிடி தேவையில்லாமல் இருக்கலாம். ஐந்து வருசத்தில் தேவைப்படும்போது வெறும் ட்ரைவோலில் பூட்டினால் அம்மாவோடு சேர்ந்து கழன்று வரும். பலகைக்குச் சில டொலர்தான். படிக்கு இரண்டு பக்கமும் கைபிடி, மேலும் கீழும் சுவிட்ச், இவையும் இப்போதே.

எல்லாக் குழாயும் வயரும் தெரியக்கூடியதாக, ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது அந்தப் படங்களின் அருமை தெரியும்.

பெர்மிட்

பெயின்ட் அடிக்க, தரை போட பெர்மிட் தேவையில்லை. தனிக் குடியிருப்பாக மாற்றுவது, புதுக் குழாய்வேலை, சுவர் வெட்டுவது, யன்னல் பெருப்பிப்பது, பக்கக் கதவு வைப்பது எல்லாவற்றுக்கும் வேணும். இடையிலுள்ள வேலைகளில் நகரத்துக்கு நகரம் வித்தியாசம், ஒரு போன் அடித்துக் கேட்கலாம். 2022-ல் வந்த மாகாணச் சட்டத்துக்குப் பிறகு, குழாய்நீரும் கழிவுக்குழாயும் உள்ள பெரும்பாலான நகர்ப்புறக் குடியிருப்புக் காணிகளில் மூன்று குடியிருப்புவரை அனுமதி உண்டு. "சிற்றி விடாது" என்ற பழைய காரணம் அனேகமாக இப்போது பொருந்தாது.

பெர்மிட் எடுத்தால் வரி கூடும், தாமதம் ஆகும் என்று அப்பா சொல்லுவார். தாமதம் உண்மைதான். ஆனால் பெர்மிட் காசுக்கு நீங்கள் வாங்குவது, கொன்ட்ராக்டரோடு சொந்தமும் இல்லாத, பயமும் இல்லாத ஒருவரின் கண். சட்டகம், குழாய், காப்பு ஒவ்வொன்றையும் மூடமுன் வந்து பார்ப்பார். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே நெருப்புத் தடுப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். சொல்லாமல் வைத்த இரண்டாவது குடியிருப்பில் நெருப்புப் பிடித்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

தெரிந்தவர் செய்கிறார் என்றால்

கடைசியாக, கஷ்டமான பகுதி. சித்தப்பாவின் நண்பர், ஊரவர், கோயிலில் தெரிந்தவர். "காசாய்த் தந்தால் வரி இல்லாமல் செய்துதாறன்." அவர் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். அப்படியென்றாலும் கணக்கைப் பாருங்கள்.

40,000 டொலர் வேலைக்கு 13 வீத வரி 5,200 டொலர். காசாகக் கொடுத்தால் அது மிச்சம் என்று தெரியும். இப்போது மறுபக்கம். 65 வயதுக்கு மேற்பட்ட பெற்றோருக்காகத் தனி வாசல், குசினி, பாத்றூம், படுக்கும் இடம் உள்ள முழுமையான தனிக் குடியிருப்பு கட்டினால், 2023 முதல் மத்திய அரசின் பல்தலைமுறை வீடு புதுப்பிப்பு வரிச்சலுகை உண்டு. தொடங்கியபோது, 50,000 டொலர்வரையான செலவில் 15 வீதம், ஆகக் கூடியது 7,500 டொலர். அந்த வீதத்தில் 45,200 டொலருக்கு 6,780 டொலர் திரும்பி வரும். நீங்கள் மிச்சம் பிடித்ததைவிட அது கூட. வீதம் ஒன்று குறைந்தாலும் முடிவு மாறாது. தற்போதைய வீதத்தை வரிக் கணக்காளரிடம் கேளுங்கள். ஆனால் குடியிருப்பு உள்ளூர் விதிக்கு அமைந்ததாக இருக்கவேணும், ரசீது வேணும். காசு கொடுத்துக் கடதாசி இல்லாமல் செய்தால் இது கிடையாது. ஒருவருக்காக வாழ்நாளில் ஒருமுறைதான் கேட்கலாம்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். எந்த வேலை, என்ன பொருள், எப்போது முடியும், மொத்தம் எவ்வளவு. வீட்டில் வைத்து ஒப்பமிட்ட ஒப்பந்தத்தைப் பத்து நாளுக்குள் ரத்துச் செய்ய ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. மதிப்பீடு ஒப்பந்தத்தில் இருந்தால், நீங்கள் புதிதாக ஒத்துக்கொள்ளாமல் அதைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கேட்கமுடியாது. முற்பணம் பத்து வீதத்துக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை நாட்காட்டிப்படி கொடுக்காமல் பரிசோதனைப்படி கொடுங்கள்: சட்டகம் தேறியதும் ஒரு பங்கு, குழாயும் வயரும் தேறியதும் ஒரு பங்கு. ஒன்ராறியோ கட்டுமானச் சட்டப்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் பத்து வீதத்தை நீங்கள் பிடித்துவைக்கவேணும். கொன்ட்ராக்டர் தன் ஆட்களுக்கும் கடைக்கும் காசு கொடுக்காவிட்டால் அவர்கள் உங்கட வீட்டின்மேல் உரிமை கோரலாம் என்பதால்தான் இது.

தெரிந்தவரிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? பழியை வேறு ஆளில் போடுங்கள். "அண்ணை, பாங்கும் இன்சூரன்ஸும் கடதாசி கேக்குது, என்ன செய்யிறது" என்றால் யாருக்கும் முகம் வாடாது. ஒழுங்கான வேலைக்காரர் அதற்குப் பழகியவர்தான். பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழையும் அதே மூச்சில் கேளுங்கள். "எங்களுக்குள்ள என்ன கடதாசி" என்று அவர் இழுத்தால், அப்பாவுக்கு நீங்கள் சொல்லவேண்டிய பதிலை அவரே தந்துவிட்டார்.

இந்தச் சனிக்கிழமை

ஒரு கொன்ட்ராக்டரையும் கூப்பிடாமல் நாலு வேலை செய்யலாம். அளவுநாடா எடுத்து பேஸ்மென்ட் யன்னலைத் திறந்து அந்த வெளியை அளவுங்கள். இரண்டடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஒட்டுங்கள். எல்லா அலாரத்தையும் கழற்றிப் பின்பக்கத் திகதியைப் பாருங்கள். பிறகு அம்மா வரும்போது, கதவை மூடி, காதுக் கருவி இல்லாமல், கீழே கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லுங்கள். மேலே இருந்து அலாரத்தின் பட்டனை அழுத்துங்கள்.

அவவுக்குக் கேட்டதா இல்லையா என்பது தெரிந்தபிறகு டைல்ஸ் கடைக்குப் போகலாம். பொட் லைட்டையும் அப்போது எண்ணலாம்.